கேட்டவரையும் தேடி வந்த கேள்வி

விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் ரயில் வண்டியில் மேற்குப் பக்கத்து ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் பாக்கியசாலி. சற்று நேரத்துக்கெல்லாம் தூரத்து மலைத்தொடர் நீலமாய்க் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். சிவகாசி வரும். அதற்கடுத்தாற்போல், பதினொரு நிலைகளோடு வானளாவி நிற்கும் வடபத்ரசாயி கோயில் கோபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டதென்று அறிவிக்கும். பின்னும் ஏழு மைல் சென்றால் மலையடிவாரத்தில் ராஜபாளையம்.

தீப்பெட்டிக்கு ஓர் ஊர், பால்கோவாவுக்கு ஓர் ஊர், பஞ்சாலைக்கு ஓர் ஊர் என்றுதான் நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த மூன்று ஸ்டேஷன்களையும் வரிசையாக வைத்து எண்ணிப் பார்த்தால் வேறொரு சரித்திரமும் புலனாகிறது. அது ஒரு கேள்வியின் சரித்திரம். "கடவுள் நியாயவான் என்றால், இது எப்படி நியாயமாகும்?" என்பதே அந்தக் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூர் இத்தகைய கேள்விகளுக்குப் புதிய ஊர் அன்று. பெரியாழ்வார் நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தவர். பாண்டிய மன்னன் பரம்பொருள் எதுவென்று நிலைநாட்டுவோருக்கென்று பொற்கிழி கட்டி வைத்திருந்தான். ஆழ்வார் மதுரைச் சபைக்குச் சென்று பேசினார். கிழி தானே தாழ்ந்து வளைந்தது என்று வைஷ்ணவ மரபு கூறும். வாதத்தில் வென்றவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்ட தேசம் இது. ஆட்சேபத்தை முதலில் பூர்வபக்ஷமாக எடுத்துக் கூறி, பிறகே தன் சித்தாந்தத்தைச் சொல்வது நம் பெரியோர் வகுத்த முறை. எதிராளியின் கட்சியை அவனைவிட நன்றாக எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்குச் சபையில் இடமில்லை. அந்த முறையையே கைக்கொண்டு, நம் நாட்டார் கிறிஸ்தவ மதத்தை நோக்கி எழுப்பிய மூன்று பெரிய ஆட்சேபங்களை இங்கே பார்ப்போம். நான்காவது ஒன்றும் உண்டு. அது கடைசியில் வரும்.

கூடாரத்தில் தங்கிய பாதிரியார்

ஆட்சேபத்தைச் சொல்வதற்கு முன், யாரை நோக்கி அது சொல்லப்பட்டதோ அவர்களைச் சற்றுத் தெரிந்துகொள்வது மரியாதை.

19ம் நூற்றாண்டில் இப்பகுதிகள் திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்திருந்தன. 1910ல்தான் ராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டது; இன்று இவை விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1854ம் வருஷம் தாமஸ் ராக்லண்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் வட திருநெல்வேலியில் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார். பங்களா கட்டிக்கொண்டு ஓரிடத்தில் உட்காராமல், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகச் செல்வது என்பதே அந்த ஏற்பாடு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதத்தில் உயர்ந்த ஸ்தானம் பெற்று, அங்கேயே ஒரு கல்லூரியில் பதவியும் பெற்றிருந்தவர் அவர். அந்தச் சௌக்கியங்களை விட்டுக் கரிசல் காட்டு வெயிலுக்கு வந்தார். நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. 1858ம் வருஷம் அக்டோபர் மாதம், தமது 43ம் வயதில், சிவகாசியில் காலமானார்.

இப்படிப்பட்ட மனிதரைக் கபடர் என்று தள்ளிவிட முடியாது. பிறருடைய ஆத்மா நரகத்தில் அழிந்துபோகுமே என்ற உண்மையான கவலை இல்லாவிட்டால் ஒருவர் இவ்வாறு உயிரைச் செலவழிக்க மாட்டார். ஆனால் அந்தக் கவலையிலேதான் முதல் ஆட்சேபமும் பிறக்கிறது.

மூதாதையர் எங்கே?

ராக்லண்டுக்கு முந்நூறு வருஷங்களுக்கு முன்னரே, இதே திருநெல்வேலிச் சீமையின் முத்துக்குளித்துறைக் கரையில் மற்றொரு பாதிரியார் நடந்து திரிந்தார். பிரான்சிஸ் சவேரியார் என்று நம் கடற்கரை மக்கள் இன்றும் பக்தியுடன் போற்றும் அவர், 1542ல் இங்கு வந்தார்; 1549ல் ஜப்பானுக்குச் சென்றார். திரும்பி வந்து 1552ல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், ஜப்பானியர் தம்மைக் கேட்ட கேள்வி ஒன்றை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களே கேட்டார்களாம்: "தங்கள் தேவன் எங்கள் மூதாதையருக்கு ஏன் இதைத் தெரிவிக்கவில்லை? இறந்துபோன எங்கள் தாய் தந்தையரை நரகத்திலிருந்து மீட்க வழியே இல்லையா?" இல்லை என்ற பதிலைக் கேட்டு அவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்றும், அந்தத் துயரம் தம்மையும் வருத்தியது என்றும் சவேரியார் எழுதினார்.

இந்தக் கேள்வியில் எத்தனை அன்பு இருக்கிறது பாருங்கள். கேட்டவர்கள் புது மதத்தை இகழவில்லை, அதை ஏற்றுக்கொண்டவர்கள். ஆனால், தான் கரையேறித் தன்னைப் பெற்றவளை வெள்ளத்தில் விட்டு வர எந்த மகனுக்கு மனம் வரும்? மாளய பக்ஷத்தில் மூன்று தலைமுறைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நம் வீட்டாருக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்கத் தேவையில்லை. செய்தி வந்து சேரவில்லை என்பது ஒருவன் குற்றமாகுமா? தபால்காரன் வராத கிராமத்தானைக் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று கோர்ட்டில் நிறுத்தலாமா?

கிறிஸ்தவர்கள் இதற்குச் சமாதானம் சொல்லாமல் இருக்கவில்லை. கொலை செய்யாதே, திருடாதே என்ற நீதி எந்தப் புத்தகமும் இல்லாமலே எல்லார் உள்ளத்திலும் எழுதப்பட்டிருக்கிறது; அதன்படி நடந்தார்களா என்பதே கேள்வி என்றார் சவேரியார். நாளடைவில் இந்தச் சமாதானம் மேலும் விரிந்தது. தங்கள் குற்றமின்றி ஏசுநாதரின் செய்தியை அறியாதவர்கள், உண்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் வழியில் நடப்பார்களானால் அவர்களும் கதி பெறலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாவது வாத்திக்கன் சங்கம் 1964ல் எழுதி வைத்தது. எல்லாச் சபையாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும், ஜப்பானில் சிந்தப்பட்ட கண்ணீர் முற்றிலும் வீண் போகவில்லை என்று நாம் சந்தோஷப்படலாம்.

காசிப் பண்டிதரின் ஆட்சேபம்

இரண்டாவது ஆட்சேபம் காசியிலிருந்து வந்தது. 1839ல் ஜான் முயிர் என்ற பிரிட்டிஷ் உத்தியோகஸ்தர், ஹிந்து மதத்தைவிடக் கிறிஸ்தவ மதமே சிறந்ததென்று காட்டும் நோக்கத்துடன் "மத பரீக்ஷா" என்னும் நூலை ஸமஸ்கிருதத்திலேயே இயற்றி வெளியிட்டார். நம் பண்டிதர்கள் சும்மா இருக்கவில்லை. ஸமஸ்கிருதத்திலேயே மறுப்பு நூல்கள் கிளம்பின. அவற்றுள் நீலகண்ட கோரே என்ற இளம் பண்டிதர் 1844, 1845 வருஷங்களில் எழுதிய "சாஸ்திர தத்துவ விநிர்ணயம்" முக்கியமானது.

அவருடைய வாதத்தின் சாரம் இது. முற்பிறவி இல்லை, ஒவ்வோர் ஆத்மாவும் புதிதாகப் படைக்கப்படுகிறது என்கிறீர்கள். அப்படியானால் ஒரு குழந்தை குருடாகவும், மற்றொன்று அரண்மனையிலும் பிறப்பதற்கு யார் பொறுப்பு? பாவமே செய்யத் தெரியாத ஆடும் மாடும் ஏன் துன்புறுகின்றன? மனிதன் செய்யும் பாவம் அறுபது எழுபது வருஷத்துக்குள் அடங்குவது. அதற்கு முடிவே இல்லாத நரகம் தண்டனையென்றால், குற்றத்துக்கும் சிக்ஷைக்கும் பொருத்தம் எங்கே? கர்மக் கொள்கையிலோ தண்டனைக்கு ஓர் அளவு உண்டு. மறுபடி திருந்த ஒரு பிறவியும் உண்டு.

கூர்மையான வாதம்தான். இதைப் படித்து நம்மவர் மார் தட்டிக்கொள்வதற்குள் சரித்திரம் ஒரு வேடிக்கை செய்கிறது. இந்த நீலகண்டரே 1848ல் ஞானஸ்நானம் பெற்று நெகேமியா கோரே ஆனார்! பிற்காலத்தில் ஹிந்து தரிசனங்கள் ஆறையும் மறுத்து அவரே ஒரு நூலும் எழுதினார். வெகு தூரம் போவானேன்? நம் திருநெல்வேலிச் சீமையிலேயே வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறித் திளைத்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ராக்லண்ட் காலமான அதே 1858ம் வருஷத்தில் சென்னையில் கிறிஸ்தவரானார். 1894ல் வெளிவந்த "இரட்சணிய யாத்திரிகம்" என்னும் காவியம் அவர் இயற்றியதே.

ஆட்சேபத்தின் வலிமையை நன்கறிந்தவர்களும் அந்தப் பக்கம் சென்றார்கள் என்றால், வாதம் தோற்றது என்று பொருளல்ல. வாதம் ஒன்றினால் மட்டும் மனித உள்ளம் வாழ்வதில்லை என்று பொருள். தங்களுக்காகத் தானும் துன்பப்பட்ட ஒரு தெய்வத்தை அவர்கள் சிலுவையில் கண்டார்கள். துன்பத்துக்குக் காரணம் சொல்லும் தெய்வத்தைவிடத் துன்பத்தில் பங்கு கொள்ளும் தெய்வம் அவர்களுக்கு அருகில் இருப்பதாகத் தோன்றியது. இதுவே கிறிஸ்தவர்கள் தரக்கூடிய மிகச் சிறந்த சமாதானம். அது தர்க்கத்தில் அடங்காது. ஆனால் அலட்சியம் செய்யத் தக்கதுமன்று.

பிரிட்டோரியாவில் ஒரு வாலிபர்

மூன்றாவது ஆட்சேபத்தைச் சொன்னவர் தர்க்க பண்டிதர் அல்லர். கேஸ் நடத்தத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற ஒரு வாலிப பாரிஸ்டர். 1893ல் பிரிட்டோரியா நகரில் காந்தியடிகளைச் சில கிறிஸ்தவ நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கோட்ஸ் என்பவர் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைக் கொடுத்தார். காந்தியும் சளைக்காமல் படித்தார். அப்போது பிளிமத் சகோதரர் என்ற கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர், மனிதன் எவ்வளவு முயன்றாலும் பாவம் செய்யாமல் இருக்க முடியாது; அந்தப் பாவத்தின் பாரத்தை ஏசுநாதர் சுமந்து தீர்த்துவிட்டார்; அதை நம்பினால் மன அமைதி கிடைக்கும் என்று உபதேசித்தார்.

காந்தியடிகள் இதை ஒப்பவில்லை. தமக்கு வேண்டியது பாவத்தின் பலனிலிருந்து தப்புவது அன்று. பாவத்திலிருந்தே, பாவ நினைவிலிருந்தே விடுபடுவதுதான் என்றும், அது கிட்டும் வரையில் அமைதியில்லாமல் இருக்கவே தாம் சம்மதிப்பதாகவும் அவர் பதிலளித்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடன்பட்டவன் கடனை மற்றொருவர் தீர்த்தால் கடன் தீரும். ஆனால் கடன் வாங்கும் புத்தி தீருமா என்பதே அவர் கேள்வி என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே காந்தியடிகளின் நேர்மையைக் கவனிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படித்தான் என்று அவர் முடிவு கட்டவில்லை. கோட்ஸ் போன்றவர்கள் பாவத்துக்கு அஞ்சி நடந்தவர்கள் என்பதை அவரே எழுதினார். ஏசுநாதர் ஒருவரே கடவுளின் குமாரர் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஆனால் மலைப் பிரசங்கம் அவர் நெஞ்சில் குடியேறியது. சந்தேகங்கள் ஹிந்து மதத்தைப் பற்றியும் எழுந்தன. தீண்டாமை ஹிந்து மதத்தின் ஓர் அங்கமென்றால், அது அழுகிய அங்கமாகவே இருக்க வேண்டுமென்று அவருக்குப் பட்டது. இரண்டு பக்கத்துச் சந்தேகங்களையும் 27 கேள்விகளாக்கி, 1894ல் பம்பாய் ராஜசந்திரருக்கு எழுதிப் பதில் பெற்றார். பிறர் வீட்டுக் குப்பையைச் சுட்டிய அதே விரல் தன் வீட்டையும் சுட்டியது.

பூமி அதிர்ந்தபோது

இனி நான்காவது கேள்வி. இது காந்தியடிகள் கேட்டதன்று. அவரைத் தேடி வந்தது.

ராஜபாளையத்துக்குக் காந்தியடிகள் இரண்டு முறை வந்தார். முதல் முறை 1927 அக்டோபரில், கதர் யாத்திரையின்போது. இரண்டாம் முறை 1934 ஜனவரியில், ஹரிஜன யாத்திரையின்போது. இவ்விரண்டாவது யாத்திரை நடந்துகொண்டிருக்கையில், ஜனவரி 15ந் தேதி, பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜனவரி 24ந் தேதி திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், இந்தப் பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகக் கூறினார். அந்த யாத்திரையிலேதான் ராஜபாளையத்து மக்களையும் சந்தித்தார்.

தேசம் திகைத்தது. மகாகவி தாகூர் திகைத்ததோடு நிற்கவில்லை, எதிர்த்து எழுதினார். தீண்டாமை கொடிய பாவம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் இயற்கையின் உற்பாதத்தைத் தர்ம நியாயத்தோடு முடிச்சுப் போடுவது தகாது என்றார். பாவம் செய்தவர்கள் சுகமாக இருக்க, ஏதுமறியாத குழந்தைகளும், தீண்டாமைக்கு ஆளானவர்களும்கூட மண்ணில் புதைவது எந்த நீதி? அப்படித் தண்டிக்கும் கடவுளைவிடச் சாதாரண மனிதனே தர்மிஷ்டன் ஆகிவிடுவானே என்பது அவர் வாதத்தின் உட்கிடை.

நேயர்களே, இது எந்தக் கேள்வி என்று தெரிகிறதா? நீலகண்டர் கிறிஸ்தவர்களைக் கேட்ட அதே கேள்விதான்! 1755 நவம்பர் 1ந் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, ஜனங்கள் கோயிலில் கூடியிருந்த வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தபோது, எல்லாம் நன்மைக்கே என்றவர்களைப் பார்த்துப் பிரெஞ்சு ஞானி வால்டேர் கேட்ட கேள்வியும் இதுதான். நம் காலத்தில், 2004 டிசம்பர் 26ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக் கரையில் யாத்ரீகர்களைக் கடல் வாரிக்கொண்டு போனபோது எழுந்ததும் இதே கேள்விதான். நாகப்பட்டினத்தில் ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று அலை பார்க்கவில்லை.

காந்தியடிகள் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தாகூரின் மறுப்பைத் தம்முடைய "ஹரிஜன்" பத்திரிகையிலேயே பிரசுரித்து, பிறகு தம் பதிலை எழுதினார். தம் மீது வந்த கணையைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். நம் பழைய சபைகளின் பூர்வபக்ஷ மரியாதை அதுவே. எனினும் இந்த ஒரு விஷயத்தில் நியாயம் தாகூர் பக்கமே இருந்தது என்று சொல்வதில் காந்தி பக்தர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

தாயின் முன்னிலையில்

இவற்றிலிருந்தெல்லாம் நாம் கற்பது என்ன?

கிறிஸ்தவ மதத்தை நோக்கி எழுப்பிய ஆட்சேபங்கள் பொய்யானவை அல்ல. முடிவில்லாத நரகமும், செய்தி கேளாதவனுக்குத் தண்டனையும் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை என்பதைக் கிறிஸ்தவர்களிலேயே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு நாம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடியாது. அது நம் பின்னாலேயே வந்து கதவைத் தட்டுகிறது. "முற்பிறவி வினை" என்று நாம் சொல்லும் சமாதானம் கணக்குக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் அதே சமாதானத்தைக் கொண்டுதானே தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தாரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம்? "அவர்கள் செய்த வினை" என்று சொல்லிக் கைகழுவினோம்? செய்தி கேளாதவனை நரகத்துக்கு அனுப்பும் கொள்கை கொடிதென்றால், செய்தியைக் கேட்க விரும்பிக் கதவருகே வந்தவனைத் துரத்திய பழக்கத்தை என்னென்பது? பாண்டியன் சபையில் பொற்கிழி வென்ற பரம்பொருள் எல்லாருக்கும் பொதுவென்று சட்டம் போட்டுக் கதவு திறக்க 1947ம் வருஷம் வரவேண்டியிருந்தது.

ஆகவே ஒரு பரீக்ஷை சொல்லத் தோன்றுகிறது. எந்த மதத்துக் கொள்கையானாலும் சரி, குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முகத்துக்கு நேரே அதை நம்மால் சொல்ல முடியுமா? "உன் குழந்தை ஞானஸ்நானம் பெறவில்லை" என்று சொல்ல நாக்குக் கூசினால், அந்தக் கொள்கையில் குறை இருக்கிறது. "உன் குழந்தையின் முன்வினை" என்று சொல்லவும் நாக்குக் கூசினால், நம் கொள்கையிலும் குறை இருக்கிறது. "உங்கள் ஊரின் பாவம்" என்று மகாத்மாவே சொன்னாலும் அப்படித்தான். சொல்லக் கூடியது ஒன்றே: அவளருகில் உட்கார்ந்து, அடுப்பை மூட்டி, அவள் மற்றக் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது. இதில் கிறிஸ்தவரும் ஹிந்துவும் வாதமிட ஒன்றுமில்லை. மலைப் பிரசங்கத்தைப் படித்த காந்தியடிகளும், மருந்துப் பெட்டியோடு கிராமத்துக்கு வந்த எத்தனையோ பாதிரிமாரும் சந்தித்த இடம் இதுவே.

ராஜபாளையத்தில் குமாரசாமி ராஜாவைத் தெரியாதவர் இல்லை. 1949ல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக வந்தவர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். வாதத்தில் கிழி வெல்வது பெருமைதான். கையிலுள்ள கிழியை அவிழ்த்துக் கொடுப்பது அதனினும் பெருமை. ஏழு மைல் தூரத்தில் இந்த இரண்டு ஊர்களும் நமக்கு இரண்டையும் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

அடுத்த முறை அந்த ரயிலில் போகும்போது, சிவகாசி ஸ்டேஷனில் வண்டி நிற்கையில் அந்தக் கூடாரத்துப் பாதிரியாரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கொள்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. பிறருடைய கதியைப் பற்றி அத்தனை கவலைப்பட்டாரே, அந்தக் கவலையில் பாதியாவது நம் அடுத்த தெருக்காரரைப் பற்றி நமக்கு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.